செஞ்சிக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில்

லீவுக்கு ஊருக்கு வர்ற பட்டணத்துப் பிள்ளைங்க இப்போ விடாம பார்க்கிறது வைக்கிங் தொடர்கள்தான். நீளப் படகுல தாடிக்காரங்க வந்து இறங்குவாங்க, கோடாலியால வெட்டுவாங்க, மடத்தைக் கொளுத்துவாங்க. எதிரே சாக்சன் ராஜாக்கள் கேடயத்தைச் சுவர் மாதிரி நிறுத்திக்கிட்டு நிப்பாங்க. 'வைக்கிங்ஸ்', 'தி லாஸ்ட் கிங்டம்' ரெண்டையும் முழுசாப் பார்த்து முடிச்சவங்க நிறைய பேர். நீங்களும் பார்த்திருப்பீங்க.

பார்த்தவங்க பேசிக்கிறதைக் கேட்டால் கடைசியில் ரெண்டு கேள்வியில்தான் வந்து நிக்கும். ஒண்ணு, இதெல்லாம் நிஜமா நடந்ததா? ரெண்டு, நாம யார் பக்கம்? டேனியர் பக்கமா, சாக்சன் பக்கமா?

இந்த ரெண்டு கேள்வியும் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லீங்க. ஆரணியிலிருந்து வடக்கே போனால் ஆற்காடு, தெற்கே போனால் செஞ்சி. இந்த ரெண்டு கோட்டைக்கும் நடந்த சண்டையைப் பாட்டா, நாடகமா, சினிமாவா வெச்சுக்கிட்டு முந்நூறு வருஷமா இதே ரெண்டு கேள்வியைத்தான் எங்க ஆளுங்க கேட்டுக்கிட்டிருக்காங்க. தேசிங்கு ராஜா கதையைத்தான் சொல்றேன்.

முதல் கேள்விக்குச் சீக்கிரமா பதில் சொல்லிடலாம். இங்கிலாந்துக் கதையில் ஆல்ஃபிரட் ராஜா நிஜம். 878-ல் எடிங்டன் என்ற இடத்தில் டேனியத் தலைவன் குத்ரமை அவர் ஜெயிச்சதும், தோத்த குத்ரம் கிறிஸ்தவனா ஞானஸ்நானம் வாங்கினதும் நிஜம். ஆனால் 'லாஸ்ட் கிங்டம்' நாயகன் உஹ்ட்ரெட், நம்ம 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவன் மாதிரி. பெயருக்குச் சரித்திரத்தில் ஆதாரம் உண்டு, பண்ற சாகசமெல்லாம் எழுத்தாளர் கொடுத்தது. வைக்கிங் என்றதும் கொம்பு வெச்ச தலைக்கவசம் ஞாபகம் வருதே, அது 1876-ல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை தைத்தவர் பண்ணின வேலை. எந்த வைக்கிங்கும் கொம்போட சண்டைக்குப் போனதா ஆதாரம் கிடையாது.

தேசிங்கு கதையும் அப்படித்தான், பாதி நிஜம், பாதி பாட்டு. பாட்டில் வர்ற கதையை ஊர்ப்பக்கம் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. டில்லி பாதுஷாகிட்ட யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரை. அதில் ஏறப்போன தேசிங்கின் அப்பா தோத்துப்போய்ச் சிறையில் கிடக்கிறார். சின்னப் பையன் தேசிங்கு போய்க் குதிரையை அடக்கி அப்பாவை மீட்டுக்கிட்டு வர்றான். பிறகு ஆற்காட்டு நவாபுடன் சண்டை. உயிர்த் தோழன் முகமது கான் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுட்டுக் குதிரை ஏறி ஓடி வர்றான். சிங்கவரம் மலையில் படுத்திருக்கிற ரங்கநாதர்கிட்ட தேசிங்கு விடை கேட்கிறான், சாமி 'வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்குது. தேசிங்கு கேட்கவில்லை. தோழனும் போய், குதிரையும் போன பிறகு, கத்தியை வானத்தில் வீசி எறிஞ்சு அதைத் தன் மார்பிலேயே வாங்கிக்கிட்டுச் சாகிறான்.

பெரிய எழுத்துக் கதைப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்ற கதை இது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடிச்சு 'ராஜா தேசிங்கு' சினிமாவும் வந்தது. அதில் அவருக்கு ரெட்டை வேஷம், ஒண்ணு தேசிங்கு, இன்னொண்ணு தாவூத் கான். சண்டைக்கு ரெண்டு பக்கமும் ஒரே முகம் என்பது சினிமாக்காரங்க யோசனைதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன்.

சரித்திரத்தில் இருக்கிறது இவ்வளவுதான். தேசிங்கின் நிஜப் பெயர் தேஜ் சிங். அவர் அப்பா சொரூப் சிங், வடக்கே புந்தேல்கண்ட் பக்கத்து ராஜபுத்திரர். 1698-ல் முகலாயப் படை பல வருஷ முற்றுகைக்குப் பிறகு மராட்டியர்கிட்டேயிருந்து செஞ்சியைப் பிடிச்சது. அதுக்கு அப்புறம் கோட்டையைப் பார்த்துக்க நியமிக்கப்பட்டவர் சொரூப் சிங். அவர் 1714-ல் இறந்ததும் மகன் தேஜ் சிங் பட்டத்துக்கு வந்தார். வயசு இருபத்திரண்டு. அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும் படையைச் சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்துப் போய்ச் செத்துப்போனார். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. மனைவி உடன்கட்டை ஏறினாங்க. அந்த அம்மா ஞாபகமா நவாபே ஏற்படுத்தின ஊர்தான் ராணிப்பேட்டை என்று சொல்லுவாங்க. கோட்டையைக் கட்டினவங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆண்டவங்க எத்தனையோ பேர் இருக்க, சில மாசம் ஆண்ட இந்தப் பையன் பேருதான் ஜனங்க வாயில் நின்னது.

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வருவோம். யார் பக்கம்?

இதைக் கேட்டதும் சிலர் ரொம்ப சுளுவா ஒரு பதில் வெச்சிருக்காங்க. தேசிங்கு இந்து, நவாப் முஸ்லிம், அவ்வளவுதான், இதில் யோசிக்க என்ன இருக்கு என்பாங்க. இந்த மாதிரி பேச்சு இப்போ செல்போன் வழியா கிராமத்துக்கும் வருது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாட்டைக் கேட்டவங்க யாரும் அப்படிச் சொல்ல முடியாதுங்க. தேசிங்குக்காக முதலில் உயிரைக் கொடுக்கிறவன் முகமது கான். அவன் சாகிற இடம் வந்தால்தான் கேட்கிற ஜனம் அதிகமா கண்ணைத் துடைக்கும். தேசிங்கையும் அவன் அப்பாவையும் செஞ்சியில் உட்கார வெச்சது டில்லி பாதுஷா. அந்தப் பக்கம் சாதத்துல்லா கானின் அதிகாரிகளில் ஒருத்தர் லாலா தோடர்மல் என்ற இந்து. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் படையெடுப்புக் காலத்தில் உடையார்பாளையம் காட்டுப் பக்கம் போயிருந்தார். அங்கேயிருந்து திரும்பக் கொண்டுவர உதவினவர் இந்தத் தோடர்மல்தான். 1710-ல் நடந்தது இது, செஞ்சிச் சண்டைக்கு நாலு வருஷம் முன்னாடி. அதுக்குக் கல்வெட்டும் இருக்கு, கோயிலில் தோடர்மல் குடும்பத்துக்குச் சிலையும் இருக்கு. அடுத்த தடவை அத்திகிரி அருளாளனைச் சேவிக்கப் போனால் அதையும் பார்த்துட்டு வாங்க.

இன்னும் கிட்டே போனால், செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அம்மனுக்குக் காவலா நிக்கிற தெய்வங்களில் ஒருத்தர் முத்தால ராவுத்தர். முஸ்லிம் வீரர். பாஞ்சாலிக்கு ராவுத்தர் காவல் என்பது எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு விசித்திரமாவே தோணாது. அதனால் 'இந்து பக்கம், முஸ்லிம் பக்கம்' என்கிற கத்திரி இந்தக் கதையை வெட்டாது.

சரி, 'நம்ம ஆள், வெளி ஆள்' என்று வெட்டலாமா? அதுவும் ஆகாது. தேசிங்கு புந்தேல்கண்டு வம்சம். நவாப் கொங்கணக் கரைப் பக்கத்து நவாயத் குடும்பம். நடுவில் இருந்த எங்க ஆரணி ஜாகீரோ மராட்டியர் கையில். மூணு கோட்டையிலும் தமிழ் பேசிப் பிறந்த ராஜா ஒருத்தரும் இல்லை. டேனியனும் சாக்சனும் மாதிரியேதான் பாருங்க. சாக்சன்களே ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் இறங்கினவங்கதான். முன்னாடி வந்தவன் பின்னாடி வந்தவனை 'வெளியாள்' என்கிறான்.

அப்போ சண்டை எதுக்கு? இங்கேதான் கதை எங்க பிழைப்புக்கு வருது. சண்டை மதத்துக்கும் இல்லை, மொழிக்கும் இல்லை. பாக்கிக்கு. செஞ்சிச் சீமையிலிருந்து கட்ட வேண்டிய கப்பம் பல வருஷமா நின்னுபோச்சு, கட்டு என்றார் நவாப். அப்பாவுக்குக் கொடுத்த பதவி எனக்கு வாரிசா வந்தது, என்னைக் கேட்க நீ யார் என்றார் தேசிங்கு. ஔரங்கசீப் 1707-ல் இறந்த பிறகு டில்லியில் பாதுஷாக்கள் மாறிக்கிட்டே இருந்தாங்க. யார் போட்ட உத்தரவு செல்லும், யாருடையது செல்லாது என்று யாருக்கும் நிச்சயமில்லை. அந்தக் குழப்பத்தில்தான் கத்தி வெளியே வந்தது.

பாட்டில் தேசிங்கு 'கட்ட மாட்டேன்' என்று சொல்ற இடத்தில் கைதட்டு விழும். எனக்கும் புல்லரிக்கும். ஆனால் விவசாயியா இருந்து யோசிச்சால் ஒரு கேள்வி எட்டிப் பார்க்குது. தேசிங்கு நவாபுக்குக் கட்டவில்லை, சரி. குடியானவன் தேசிங்குக்குக் கட்டாமல் இருந்தானா? கோட்டைக் குதிரைக்குக் கொள்ளு எங்கேயிருந்து வந்தது? நெல் எங்கேயிருந்து வந்தது? களத்துமேட்டில் ராஜாவோட பங்கை அளந்து எடுத்த பிறகுதான் மிச்சம் வீட்டுக்கு. தறிக்காரருக்கும் விலக்கு கிடையாது. தறிக்கு வரி போடறது சோழர் காலத்துக் கல்வெட்டிலேயே 'தறி இறை' என்ற பேரில் இருக்கு.

அக்டோபர் முதல் வாரம் என்றால் எங்க கணக்கில் புரட்டாசி. ஏரியில் தண்ணி பார்த்துச் சம்பா நட்டு, பயிர் வேர் பிடிச்சுப் பச்சை கட்டற நேரம். அந்த நேரத்தில் வடக்கே ஆற்காட்டிலிருந்து தெற்கே செஞ்சிக்கு ஆயிரக்கணக்கில் குதிரையும் மாடும் யானையும் போனால் என்ன ஆகும் என்று நட்ட வயலில் கால் வெச்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படை போற வழியில் வைக்கோல் போர் மிஞ்சாது. ஏரிக்கரை மேலயே பாதை போட்டால் கரை உடையும். சண்டை ஒரு நாள்ல முடிஞ்சுடும். அந்தப் போகம் போனது போனதுதான். பாட்டில் இந்த வயல் வராது. பாட்டைக் குத்தம் சொல்லவில்லை, குதிரை ஓட வேண்டிய இடத்தில் நாத்து நிக்க முடியாதுதான்.

வைக்கிங் தொடர்களிலும் இதே கதைதான். அங்கே அதுக்கு ஒரு பேரே உண்டு, 'டேன்கெல்ட்', அதாவது டேனியருக்குக் கொடுக்கிற பணம். 991-ல் மால்டன் என்ற இடத்தில் இங்கிலாந்துப் படை தோத்ததும், வந்தவங்களைத் திருப்பி அனுப்ப 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தாங்க. வெள்ளி வாங்கினவன் போனான், ருசி கண்டவன் திரும்ப வந்தான். ஒவ்வொரு தடவையும் தொகை ஏறிச்சு. 1018-ல் டேனிய ராஜா கனூட் இங்கிலாந்துக்கே ராஜா ஆன பிறகு வாங்கின தொகை 72,000 பவுண்டு என்று அந்தக் காலத்து ஆண்டுக்குறிப்பு சொல்லுது. அதில்லாமல் லண்டன் நகரம் தனியா 10,500 பவுண்டு. இன்னைக்கும் ஸ்வீடன், டென்மார்க் மண்ணைத் தோண்டினால் அந்தக் காலத்து ஆங்கில வெள்ளிக்காசு ஆயிரக்கணக்கில் கிடைக்குது.

இந்த வெள்ளி ராஜா வீட்டுப் பெட்டியிலிருந்து போகவில்லை. நிலத்தை அளந்து, இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு என்று குடியானவன்கிட்ட வசூலிச்சது. இதில் இன்னொரு வேடிக்கை, வைக்கிங் படகு வர்றது நின்னுபோன பிறகும் இந்த நிலவரி நிக்கவில்லை. நடுவில் ஒரு தடவை ரத்து பண்ணினாங்க. 1066-ல் வந்து பிடிச்ச நார்மன் ராஜாக்கள் மறுபடி தூசி தட்டி எடுத்தாங்க. கடைசியா அந்தப் பேரில் வசூலானது 1162-ல். எதிரி போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் எதிரி பேரைச் சொல்லி வரி. இந்த எண்பது தொண்ணூறு எபிசோடில் கேடயச் சுவர் எத்தனை தடவை வருதோ எண்ணிப் பாருங்க. வரி கொடுக்க மாட்டை வித்த வீடு எத்தனை தடவை வருது?

வைக்கிங்குகளிலும் பெரும்பாலானவங்க ஊரில் இருக்கிறப்போ உழுது மாடு மேய்ச்சவங்கதான். இங்கிலீஷில் புருஷனுக்குச் சொல்ற 'ஹஸ்பெண்ட்' என்ற வார்த்தை அவங்க பாஷையிலிருந்து வந்தது. வீடும் நிலமும் வெச்சிருக்கிற குடியானவன் என்று அர்த்தம். சட்டத்துக்குச் சொல்ற 'லா', முட்டைக்குச் சொல்ற 'எக்' எல்லாம் அவங்க விட்டுட்டுப் போனதுதான். கோடாலி துருப்பிடிச்சுப் போச்சு, வார்த்தை தங்கிடுச்சு.

எங்ககிட்டேயும் தங்கியிருக்கு. ஆனால் எந்த வார்த்தைகள் தங்கியிருக்கு பாருங்க: பாக்கி, வசூல், கிஸ்தி, ரசீது, ஜப்தி, ஜமாபந்தி, தாலுகா, தாசில்தார். எல்லாம் பாரசீகம், அரபு வழியா நவாப், சுல்தான் ஆட்சிக் கச்சேரிகளில் புழங்கி வந்தவை. இன்னைக்கும் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அடங்கல் வாங்கினால் வருஷத்தைப் 'பசலி' என்றுதான் போடறாங்க. ஜூலையில் பொறக்கிற வருஷம். பசல் என்றால் அறுவடை. ராஜா வாரிசு தெரியாது, கோட்டைக்கு இன்னைக்கு டிக்கெட் வாங்கித்தான் போகணும். ஆனால் வரி கணக்கு எழுதின வார்த்தை மட்டும் அறுபடாமல் எங்க பட்டா வரைக்கும் வந்திருக்கு. யார் சண்டையில் ஜெயிச்சாங்க என்பதைவிட இது எனக்குப் பெரிய சரித்திரமாத் தெரியுது.

தேசிங்கோட எங்க பக்கத்துச் சண்டை முடியவும் இல்லை. 1751 டிசம்பரில் ஆரணிக்குப் பக்கத்தில் கிளைவும் மராட்டியக் குதிரைப்படையும் சேர்ந்து பிரெஞ்சுக்காரங்களையும் ராசா சாகிபையும் முறியடிச்சாங்க. 1782 ஜூனில் அதே ஆரணியில் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் சண்டை. முதல் சண்டை அறுவடைக்கு முன்னாடி, ரெண்டாவது சண்டை மழைக்கு முன்னாடி. சரித்திரப் புத்தகத்தில் 'ஆரணிச் சண்டை' என்று ரெண்டு இடத்தில் பேர் வருது. ரெண்டிலும் ஆரணிக்காரர் பேர் வராது. இன்னைக்குப் பட்டணத்தில் ஆரணி என்றால் பட்டும் அரிசியும் ஞாபகம் வருது பாருங்க, எனக்கு அதுதான் சந்தோஷம். இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தறியும் களமும்தான்.

அப்படின்னா யார் பக்கமும் நிக்கக்கூடாதா, கதையே பார்க்கக்கூடாதா என்று கேட்பீங்க. அப்படி இல்லீங்க. எப்படிப் பார்க்கணும் என்று கூத்து பார்க்கிற ஜனங்க எப்பவோ கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க.

செய்யாறு பக்கத்துப் புரிசை, செஞ்சி பக்கத்து ஊர்கள், எங்க சுத்துப்பட்டு, எல்லா இடத்திலும் திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி ராத்திரியா பாரதக் கூத்து நடக்கும். ஜனங்க பாண்டவர் பக்கம். அதில் சந்தேகமே இல்லை, அம்மனே பாண்டவர் வீட்டு அம்மன். ஆனால் 'கர்ண மோட்சம்' கூத்தன்னிக்கு உட்கார்ந்து பாருங்க. கர்ணன் எதிரிப் படைத் தளபதி. அவன் சாகணும்னு கதை. விடியக்காலையில் அவன் விழறப்போ பெண்டுகள் முந்தானையை வாயில் வெச்சுக்கிட்டு அழும். கிருஷ்ணன் வேஷக்காரர் தர்மம் கேட்டு வந்து நிக்கிறப்போ, 'ஏமாத்தறான்பா' என்று கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்லுவாங்க. காலையில் டீக்கடையில் பேச்சும் அதான். சாமி பண்ணினது சரியா தப்பா என்று சாமி கும்பிடறவங்களே விமர்சனம் பண்ணுவாங்க.

கடைசி நாள் படுகளம். மண்ணால் மலை மாதிரி துரியோதனனைப் படுக்க வெச்சு, பீமன் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். கதைப்படி கெட்டவன் ஒழிஞ்சான். ஆனால் அது முடிஞ்சதும் பல ஊர்களில் ஜனங்க முண்டியடிச்சு அந்தத் துரியோதனன் மேல இருக்கிற மண்ணை ஒரு பிடி எடுத்துக்கிட்டுப் போவாங்க. வீட்டில் வெச்சால், நெல் கொட்டற இடத்தில் போட்டால் விருத்தி என்று நம்பிக்கை. தோத்தவன் உடம்பையும் எங்க ஜனங்க விதைநெல் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோறாங்க. பக்கம் எடுப்பாங்க, ஆனால் எதிர்ப் பக்கத்துச் சாவை எண்ணாமல் விட மாட்டாங்க. எம்.ஜி.ஆர். ரெண்டு வேஷத்தில் வந்ததில் ஒரு நியாயம் இருக்குன்னு சொன்னேனே, அது இதுதான்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிடுச்சு, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒண்ணா. மத்த பதினொண்ணும் மகாராஷ்டிரத்தில். இனிமே உங்களில் நிறைய பேர் வருவீங்க. ராஜகிரி மேல ஏறி, தேசிங்கு நின்ன இடம் என்று போட்டோ எடுப்பீங்க. எடுங்க, காத்து நல்லா இருக்கும். இறங்கி வந்த பிறகு உடனே வண்டி ஏறிடாதீங்க. அடிவாரத்தில் பெரிய பெரிய சுவரோட, வளைவுக் கூரையோட களஞ்சியம் இருக்கு. உள்ளே போய்ப் பேசினால் குரல் திரும்பி வரும், அவ்வளவு பெருசு. அதில் கொட்டின நெல்லுக்குப் பாட்டு கிடையாது. ஒரு அஞ்சு நிமிஷம் அங்கே நின்னு, அது நிரம்ப எத்தனை வண்டி நெல் வந்திருக்கும், எந்தெந்த ஊர்க் களத்திலிருந்து வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வாங்க.